ஒதுக்கி வைக்கவும்

"நூலகம், வணக்கம்" என்று அவள் சொல்லி முடிக்கவில்லை.

"தாயி, எப்ப என்னயச் சேத்துக்கிருவாக?"

போனில் ஒரு கிழவியின் குரல். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது.

வார்டில் பெட் காலி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். மருத்துவக் கல்லூரி நூலகத்துக்கு இப்போதெல்லாம் அந்த அழைப்புகள்தான் வருகின்றன. பதிலும் மனப்பாடம்.

"பெட்டு கேக்கல தாயி. ஊருல. ஊருல எப்பச் சேத்துக்கிருவாக?"

பெயர் சுருளியம்மாள். காய்ச்சல் கண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த துண்டுக் காகிதத்தை மருமகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஊர் கூடியிருக்கிறது. தோட்டத்து மோட்டார் ரூமில் கொண்டுபோய் விட்டுவிட்டு, காகிதத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நூலகத்து நம்பர் அதன் அடியில் இருந்தது.

"ஒதுக்கி வைக்கணும்னு போட்டிருக்குல்ல. பெரியாசுபத்திரி முத்திர வேற. யாரும் எதுத்துப் பேசல. நானும் பேசல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் காகிதத்தை எழுதியவள் அவள்தான்.

தொற்று பரவியதும் வாசிப்பறையைப் பூட்டினார்கள். இனி நூலகருக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் தினம் ஒன்றாக மாறிய வழிகாட்டுதல்களைத் தேடிப் பிடித்து, டாக்டர்களுக்குச் சுருக்கிக் கொடுத்தது அவள். ஜனங்களுக்கும் தமிழில் ஒன்று வேண்டும், அரைத்தாளில் அடங்க வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றார் டீன்.

முதலில் எழுதியது நன்றாகத்தான் இருந்தது. காய்ச்சல் கண்டவரைத் தனி அறையில் வைத்துக் கவனித்துக்கொள்ளவும். வேளைக்குச் சாப்பாடு கொடுக்கவும். மூச்சு வாங்கினால் உடனே அழைக்கவும்.

தாளில் இடம் போதவில்லை.

தலையணை தடிமன் புத்தகத்தையும் இரண்டு சொல் தலைப்பில் அடக்கிப் பழகிய கை. மூன்று வரியையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினாள்.

காய்ச்சல் கண்டவரை ஒதுக்கி வைக்கவும்.

கச்சிதம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். சனியன் பிடித்த கச்சிதம்!

டீன் ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவர் பட்டணத்தில் பிறந்தவர், அவருக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்திருக்க வேண்டாமா? அவள் ஊரிலேயே ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள். கடையில் சாமான் கிடையாது, குழாயில் தண்ணீர் கிடையாது, யாரும் முகம் கொடுத்துப் பேசக் கூடாது. பார்த்து வளர்ந்தவள்தானே! அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை நுழையாது என்பார்கள். அவளுக்கு அன்று வழுக்கிக்கொண்டு நுழைந்தது.

"சாப்டீங்களாம்மா?"

"யாரு கொண்டாருவா? வந்தா அவுகளையும்ல ஒதுக்கிருவாக."

மூச்சு.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு அதுல போடலயே தாயி."

ஐயோ என்று அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

மறு கையில் செல்போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஊரைச் சொன்னாள், தோட்டத்தைச் சொன்னாள், தன் நம்பரைச் சொன்னாள். சத்தம் போடாதீர்கள் என்று எழுதி ஒட்டிய பலகைக்குக் கீழே நின்று கத்தினாள். வண்டி பக்கத்து ஊரில்தான் நின்றது.

அதன்பின் காத்திருப்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

கணினியில் துண்டறிக்கையைத் திறந்து அந்த வரியை அழித்தாள். அழித்து என்ன புண்ணியம்? கட்டுக் கட்டாக அச்சடித்துப் போயாயிற்று. சுவர் சுவராக ஒட்டியாயிற்று.

அதில் அவள் பெயர் இல்லை. நல்லவேளை என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை நினைத்து உடம்பே கூசியது.

செல்போன் அடித்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்.

"மேடம், இந்தம்மா வண்டியில ஏற மாட்டேங்குது. ஊர்த் தெரு வழியாத்தான் வெளிய போயாகணும். ஒதுக்கி வச்சவ தெருவுல போகக் கூடாதுன்னு அடம் பிடிக்குது. ஆக்சிஜன் ரொம்ப எறங்கிருச்சு மேடம். காயிதம் போட்டவுக சொன்னாத்தான் ஏறுவேங்குது. இந்தா, பேசுங்க."

கரகரவென்று காற்று. பிறகு அந்த மூச்சு.

"சுருளியம்மா, கேளுங்க. நீங்க ஒரு தப்பும் பண்ணல. தப்புப் பண்ணது நான். அந்தக் காயிதத்த எழுதுனதே நான்தான். தெரியாம எழுதிட்டேம்மா. என்னைய மன்னிச்சிருங்க."

மறுமுனையில் இரைப்புக்கு நடுவே குரல் வந்தது.

"பெரிய எடத்துல இருக்கவுக இப்படிச் சொல்லலாமா தாயி? என்னத்தையோ பண்ணிருப்பேன். இல்லாமயா போடுவீக?"

"அம்மா, அது இல்லம்மா..."

"மன்னிச்சுட்டோம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஏறிக்கிறேன்."

சீக்கிரம் மேடம், சீக்கிரம் என்றார் பின்னாலிருந்து ஊழியர்.

எந்த வாயால் சொல்வது?

சொன்னாள்.

"மன்னிச்சுட்டோம்மா. ஏறுங்க."

"நீங்களும் உங்க பிள்ளகுட்டியும் நல்லா இருக்கணும் தாயி."