பூங்கொடியின் பிளாஸ்திரி

நாமக்கல் லாரி ஓட்டுநர் மோகனவேல் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வண்டி அணைந்துவிட்டது. ஓட்டுநரின் கையைச் சோதிக்கும் ஸ்டியரிங் கருவி, உள்ளங்கையில் போதைமருந்து ஒட்டியிருப்பதாக வண்டித் திரையில் காட்டியது. புற்றுநோயோடு கிடக்கும் மனைவி பூங்கொடியின் முதுகில் போதைமருந்து கலந்த வலிநிவாரணிப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத்தான் வந்திருந்தான். இன்னொரு முறை சிக்கினால் ஆயுளுக்கும் லாரி ஓட்ட முடியாது.

மருந்து அவளுடைய வியர்வையிலும் கசியும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் பிளாஸ்திரி ஒட்டினாள். அவன் கதவோரம் நின்றே மனைவியிடம் பேசினான்.

ஒருநாள் அவன் வீடு திரும்பியபோது, அவள் பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு வலியில் துடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம் புள்ள இப்படிப் பண்ணுன?"

"சோப்புப் போட்டுத் தொடச்சுட்டேனுங்க. இப்பவாச்சும் என் கையப் புடிங்க."

அவன் கையை நீட்டினான். அவள் உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது.

"காலைல லோடு இருக்குது, புள்ள" என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டான்.