இலையின் பின்பக்கம்

பெரணிச் செடியை அடையாளம் காண இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கத்துப் பொட்டுகள்தான் அது இன்னதென்று சொல்லும். முப்பது வருடம் அதைக் கல்லூரியில் நடத்திய பேராசிரியர் ஞானசிகாமணிக்கு இப்போது கண் மங்கிவிட்டது. வெளியே சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் மனைவி வில்வராணியைச் சோலைக்காட்டுக்குக் கூட்டிப்போய், இலைகளை அவளைப் பார்க்கச் சொல்வார். போன வாரம் பழைய மாணவர்கள் முன்னால், "இவளுக்குக் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் வித்தியாசம் புரியவே பத்து வருஷம் ஆச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இன்று ஓடையோரப் பாறை இடுக்கில் தனியாக நின்ற செடியைத் தடவிப் பார்த்து, வேரோடு பிடுங்கி அவளிடம் நீட்டினார். அந்த மாதிரி வேறு செடி அங்கே இல்லை.

"பொட்டு எங்க இருக்கு, பாரு."

லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு சிற்றிலையின் நுனியிலும் ஒரே ஒரு பொட்டு. பதினோரு வருடமாக அவர் தேடி அலைந்ததும், தூக்கத்தில்கூடப் பிதற்றியதும் அந்தப் பெரணியைத்தான். இன்னொரு முறையும் பார்த்துக்கொண்டாள்.

"நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் வரிசையாத்தாங்க இருக்கு. சாதாரணம்தான்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேங்க."

"தூக்கிப் போடு" என்று பாறைமேல் உட்கார்ந்தார். கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து, அந்தச் செடியை அப்படியே கசக்கி, துளி மிச்சமில்லாமல் பொறுமையாகத் துடைத்துவிட்டாள்.

"அடுத்த சனிக்கிழமையும் வரணும். இங்கதான் எங்கயோ இருக்கு."

"வரலாங்க" என்றாள், கையில் இருந்ததை ஓடையில் விட்டபடி.