சிவந்த ஈ

"உனக்கு நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டார் ரிஷிகேசன்.

"தெரியாதுங்க சேர்" என்றான் முத்துலிங்கம். கை மட்டும் துடுப்பு வலித்துக்கொண்டே இருந்தது.

விடிந்து ஒரு மணி நேரமாகியும் பனிமூட்டம் கலையவில்லை, கரை கண்ணுக்குத் தெரியவில்லை. பன்விலவுக்கு மேலே இருந்த அந்தச் சின்ன ஏரியும் பங்களாவும் கண்டியில் பேர்போன சட்டத்தரணியான ரிஷிகேசனுக்குச் சொந்தம். அவர் விட்டு வளர்த்த ட்ரவுட் மீன்களில் ஒன்று ஆறு கிலோவுக்குக் குறையாது. அதைப் பிடித்துப் பாடம் பண்ணிச் சுவரில் மாட்டும்வரை மனிதருக்குத் தூக்கம் இல்லை.

முத்துலிங்கம் அவருடைய படகுக்காரன். தூண்டில் கொக்கியில் முடியும் இறகும் சுற்றிப் பொய் ஈ கட்டுவதும் அவன்தான். கீரி முடி, காட்டுச்சேவல் இறகு, எது அகப்பட்டாலும் விடமாட்டான். முன்பெல்லாம் ரிஷிகேசனின் மனைவி லதுஷாகூட, சீப்பில் கழியும் தன் மருதாணிச் சிவப்பு முடியைச் சுருட்டி அவனிடம் கொடுப்பார். இரண்டு வருடத்துக்கு முன் அந்த அம்மா கனடாவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார் ரிஷிகேசன்.

அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம். மதகடியில் யாரும் தூண்டில் போடக்கூடாது.

"போன கிழமை மதகடியில தூண்டில் போட்டது ஆர்? சேத்தில கால் தடம் கிடக்குது."

முத்துலிங்கத்தின் தோட்டத்து லயத்து வீட்டில் மூன்று உயிர்கள் இந்த வேலையை நம்பித்தான் சாப்பிடுகின்றன. ஆனாலும் பொய் சொல்ல வரவில்லை.

"நான்தாங்க சேர். நீங்க யாரையும் அந்தப் பக்கம் விடுறதில்லையா, அதான் பெரிய மீன் அங்கதான் கெடக்குதுன்னு நெனைச்சிட்டேன்."

தூண்டில் பிடிக்கிற எவனும் அப்படித்தான் நினைப்பான். இத்தனை படித்த ரிஷிகேசனுக்கு அது தோன்றாமல் போனதுதான் வேடிக்கை.

"ஏதும் மாட்டினதோ?"

"மீன் ஒண்ணும் மாட்டலீங்க."

ரிஷிகேசன் காலடியில் கிடந்த, மீனை அடிக்கும் கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஈயை எறிங்க சேர். வெளிச்சம் ஏறிட்டா மீன் அடியில போயிரும்."

மூன்றாவது வீச்சில் தண்ணீர் உடைந்தது. கால் மணி நேரம் இழுபறி. வலைக்குள் வந்து விழுந்தது அதே ஆறு கிலோ மீன். ரிஷிகேசன் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார். கட்டையால் அதன் தலையில் இரண்டு போட்டுவிட்டு, வாயிலிருந்து ஈயைக் கழற்றினார்.

நீளமான சிவப்பு முடி ஒன்று அவிழ்ந்து அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இது பழைய ஈயோ?"

"இல்லீங்க. நேத்துக் கட்டினது."

"எங்கால இந்த மயிர்?"

"மதகுகிட்ட கொக்கியில மாட்டி வந்துச்சுங்க. அந்த முடிய எனக்குத் தெரியாதுங்களா? எத்தன ஈ கட்டியிருப்பேன்."

கட்டையை இறுகப் பிடித்தபடி ரிஷிகேசன் எழுந்து நின்றார். படகு ஆடியது. சுற்றிலும் ஒருதரம் பார்த்தார். பனியைத் தவிர ஒன்றும் இல்லை, பார்ப்பதற்கும் யாரும் இல்லை. நடு ஏரியில் நிற்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஆருக்கும் காட்டினியோ?"

முத்துலிங்கம் துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டான். படகின் மூக்கு மெல்லச் சேற்றில் முட்டியது. பனிக்குள், மிகப் பக்கத்தில், யாரோ இருமினார்கள்.

"பொலிசுக்குக் குடுத்தது போக மிச்சந்தாங்க சேர் இது."