சந்தனம் பூசிய தலை

பொழுது விடிந்தும் எஸ்டேட் குழாயடியில் பனி விலகவில்லை. புற்றுநோய் மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போன கந்தாயியின் தலையில் சந்தனம் அப்பி, புருவத்தையும் மையால் எழுதி, மாமியார் கூட்டி வந்திருக்கிறாள். குழாய்க்கடியில் குடம் வைத்திருக்கும் பூவாயி உதட்டைச் சுழிக்கிறாள். “ஏனுங்க, எந்தக் கோயில்ல மொட்டை போட்டீங்க?” மாமியார் முந்திக்கொள்கிறாள். “சேர்வராயன் கோயில்லதானுங்க. வேண்டுதல்.” கந்தாயி குனிந்து, கொட்டுகிற தண்ணீரில் தலையைக் கொடுக்கிறாள். பிடித்து இழுக்கும் மாமியாரின் கையை உதறுகிறாள். சந்தனமும் புருவத்து மையும் கரைந்து பூவாயியின் குடத்துக்குள் இறங்குகின்றன. வெறுந்தலையில் தண்ணீர் மினுங்க நிமிர்கிறாள். “நான் எந்தச் சாமிக்கும் குடுக்கலைங்க. சேலத்துல ஊசி போட்டாங்க, கொட்டிப்போச்சு.” பூவாயி இரண்டடி பின்வாங்குகிறாள். குடம் நிறைந்து வழிகிறது. “ஒட்டிக்காதுங்க,” என்கிறாள் கந்தாயி, “தூக்கிக்கிட்டுப் போங்க.”