பாலிசியில் ஒரு தங்கை

அம்மாவின் தொலைபேசி எண்ணை இன்சூரன்ஸ் கம்பெனிப் பெண் கேட்டாள்.

ஏவன்டேலில் மஹதி வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் ஊழியர் அறையில், போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தாள்.

கேட்டது அவளுடைய அம்மாவின் எண் அல்ல, பிரசாந்தியின் அம்மாவின் எண். கம்பெனியைப் பொறுத்தவரை இருவருக்கும் ஒரே அம்மா.

மஹதிக்குச் சொந்த ஊர் நாமக்கல். பிரசாந்திக்கு யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. பிழைக்க வந்த வெள்ளைக்கார நாட்டில், ரானுயி என்ற புறநகரில் ஒரு வீட்டைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

வீட்டுச் சாமான்களுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்று ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். கட்டில், லேப்டாப், மிக்ஸி, ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய சோபா. எல்லாவற்றையும் புது விலைக்கே போட்டுக் கூட்டியும், கம்பெனி எடுக்கும் குறைந்தபட்சத் தொகையைத் தொடவில்லை. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரே குடும்பம் என்றால் ஒரு பாலிசி போதும், வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் ஃபிளாட்மேட் என்றால் ஆளுக்கொன்று என்றார்கள் கம்பெனியில். இரண்டு பாலிசி அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

பிரசாந்தி தன் பெயரில் எடுத்தாள். மஹதியைத் தன் தங்கை என்றாள். குடும்பப் பெயர் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்டதற்கு, எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று கூசாமல் அடித்துவிட்டாள்.

“வெள்ளைக்காரருக்கு எங்களைப் பாத்தா எல்லாரும் சொந்தக்காரர் மாதிரித்தானடி இருக்கும்,” என்றாள் போனை வைத்துவிட்டு.

இப்போது பிரசாந்தி இறுதிச் சடங்கு நிலையத்தின் குளிர் அறையில் கிடக்கிறாள். வீடு தீப்பிடித்தபோது புகைதான் அவளைக் கொன்றது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவளை ஊருக்குக் கொண்டுவந்து தா என்று பிரசாந்தியின் அம்மா மஹதியிடம் அழுதாள். பெட்டியை விமானத்தில் அனுப்பும் செலவுக்குக் கோயிலில் வசூலானது பாதிக்குக்கூடப் போதவில்லை. மீதிக்கு இந்த இன்சூரன்ஸ் பணத்தை விட்டால் வேறு வழியில்லை.

தங்கை என்றது பொய் என்று தெரிந்தால் பாலிசியே செல்லாது. சல்லிக்காசு வராது.

கேட்டால் இரண்டு மகள்கள் என்று சொல்லுங்கள் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் தீ எப்படிப் பிடித்தது என்று அவள் கேட்டபோது, மஹதி உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தாள்.

மஹதி இரவு வேலைக்குப் போயிருந்தாள். மறுநாளைக்கு வேண்டுமே என்று அவளுடைய இன்னொரு சீருடையைத் துவைத்து, ஹீட்டருக்கு முன்னால் காயப்போட்டுவிட்டுப் பிரசாந்தி தூங்கிப்போனாள்.

இதைக் கேட்டதும் அம்மா போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு மஹதி எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை.

ஏன் எடுக்க வேண்டும்? இவளுடைய ஒரு சட்டைக்காகத்தானே அந்தப் பெண் செத்தாள்.

மஹதி எண்ணைச் சொன்னாள்.

கம்பெனிப் பெண் அவளை லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் ஒருவரைச் சேர்த்தாள். நவரத்தினம் என்று தன் பெயரைச் சொன்ன அவர், யாழ்ப்பாணத் தமிழில் பணிவாகப் பேசினார். தெரியாத எண் என்பதாலோ என்னவோ, அம்மா எடுத்துவிட்டாள்.

மஹதியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை.

முதலில் அனுதாபம் சொன்னார்கள். பிறகு பெயர், முகவரி. பிறகு, இது எல்லாரிடமும் கேட்பதுதான் என்று சொல்லிக் கம்பெனிப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். நவரத்தினம் அதைத் தமிழில் கேட்டார்.

“உங்களுக்கு எத்தினை பிள்ளையள் அம்மா?”

மஹதி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு என்று சொல்லுங்கள் என்று கத்தினால், நவரத்தினத்துக்கும் புரிந்துவிடும்.

“ஒரு பிள்ளைதான்,” என்றாள் அம்மா.

நவரத்தினம் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். கம்பெனிப் பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

எல்லாம் முடிந்தது என்று மஹதிக்குப் புரிந்தது. இனி பிரசாந்தியை இங்கேயே எரிக்க வேண்டியதுதான். அந்த முகத்தை அம்மா பார்க்கப் போவதில்லை.

அந்தப் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள் என்றாள் கம்பெனிப் பெண். நவரத்தினம் கேட்டார்.

“மஹதி,” என்றாள் அம்மா. “மூத்தவள் போயிட்டாளே ஐயா.”