சிவப்பு பூசிய அடிபம்பு
வெயில் இன்னும் ஏறவில்லை. தெருமுனையில் புது அடிபம்பைச் சுற்றிக் குடங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. இதற்காகத் தெருப் பெண்கள் மண் சுமந்தார்கள். சூழலியல் படித்துவிட்டு, ஊர் ஊராய் நல்ல தண்ணீருக்காக அலைகிற தண்ணி மேடமும் கூடவே சுமந்தாள். இப்போது குந்தி உட்கார்ந்து குப்பியில் தண்ணீர் பிடித்துச் சோதிக்கிறாள். குப்பியின் வாயில் செருகிய வெள்ளைத் தாள் மஞ்சளாகி, பார்க்கப் பார்க்கப் பழுப்பாகிறது. பழுப்பு என்றால் தண்ணீரில் ஆர்செனிக், மெல்லக் கொல்கிற விஷம். திரும்பச் செய்கிறாள். திரும்பவும் பழுப்பு. "என்ன மேடம், தண்ணிக்கு ஜாதகமா பாக்குறீங்க?" என்கிறாள் பம்புக்கு இடம் கொடுத்த அக்கா. எல்லோரும் சிரிக்கிறார்கள். பையில் இரண்டு பெயிண்ட் டப்பாக்கள் இருக்கின்றன. பச்சை பூசினால் குடிக்கலாம், சிவப்பு பூசினால் குடிக்கக் கூடாது. அவளே சொல்லிக்கொடுத்ததுதான். சிவப்பைத் திறந்ததும் சிரிப்பு அடங்கிப்போகிறது.

"பச்சையே அடிச்சுவிடுங்க மேடம். இன்னைக்கே யாரும் செத்துடப் போறதில்ல" என்கிறாள் அக்கா.

"இன்னைக்கு இல்லக்கா. உங்க புள்ளைங்க வளந்து நிக்கிறப்போ..." பம்பின் வாயில் பிரஷ்ஷை வைக்கிறாள். விரலெல்லாம் சிவப்பு வழிகிறது. பின்னால் குடங்கள் ஒவ்வொன்றாய்த் திரும்பிப் போகிற சத்தம். அக்கா மட்டும் வந்து கைப்பிடியைப் பிடிக்கிறாள். மேடம் பதறி எழுகிறாள். "குடிக்க இல்ல. கை கழுவலாம்னு நீங்கதானே சொன்னீங்க? நீட்டுங்க." கண்ணாடி மாதிரித் தண்ணீர் கொட்டுகிறது. பெயிண்ட் தண்ணீருக்குப் போகாது என்று இருவருக்கும் தெரியும். அக்கா அடித்துக்கொண்டே இருக்கிறாள். மேடம் கையை நீட்டியபடியே நிற்கிறாள்.