முடிச்சு இல்லாத துணி

"டாக்டரம்மா, இது துணியோட பின்பக்கமா, இல்ல காலையில நீங்க பிடுங்கின பல்லோட வேரா?"

டீச்சர் வெள்ளைத் துணியைத் திருப்பி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். கருப்பு நூல் முடிச்சு முடிச்சாகத் தொங்கியது. பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாய்க்குள்ள அந்த இருட்டுல தையல் போடுறீங்க. இங்க இவ்வளவு வெளிச்சத்துல வரமாட்டேங்குதா?"

"வாயை யாரும் திருப்பிப் போட்டுப் பார்க்கறதில்லையே டீச்சர்."

நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை மதியம் நடக்கும் கருப்பு நூல் எம்பிராய்டரி வகுப்பு அது. வெள்ளைத் துணி, கருப்பு நூல், கட்டம் கட்டமாக டிசைன். முன்பக்கத்தில் இருப்பது பூவா பூசணிக்காயா என்று டீச்சர் ஒருநாளும் பார்த்ததில்லை. துணியை வாங்கியதும் திருப்புவார். நூல் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று பின்பக்கத்தில் தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றைக்கு மானம் போச்சு.

அடுத்து, ரிட்டயரான பஸ் டிரைவர்.

"அண்ணே, இந்தப் பூவிலேருந்து அந்தப் பூவுக்கு நூலைத் தாண்ட விட்டிருக்கீங்களே, முன்பக்கம் நிழலடிக்காதா? ஏழு வருஷமா சொல்றேன்."

"ஷார்ட் கட் டீச்சர்."

"பஸ்ஸையும் ஸ்டாப்புல நிறுத்தாம இப்படித்தான் ஓட்டினீங்களா?"

"ஏறினவங்களைக் கேட்டுப் பாருங்க. இறங்கினவங்க யாரும் கிடைக்க மாட்டாங்க" என்றார் டாக்டர்.

மருந்துக்கடைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம், இந்த வகுப்புக்கு வந்து எட்டு மாதம். வாரம் முழுக்க அவள் மனிதர்களிடம் பேசுவது 'சாப்பாட்டுக்கு முன்னாடி', 'சாப்பாட்டுக்கு அப்புறம்' என்ற இரண்டே இரண்டு வார்த்தைதான். சனிக்கிழமை மட்டும் மூன்று பேர் சேர்ந்து அவளைத் திட்டினார்கள். போன வாரம் அவள் துணியைப் பார்த்த டீச்சர், "எறும்புங்க சண்டை போட்டுச் செத்துக் கிடக்கற மாதிரி இருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு, இந்த வாரம் டீச்சர் அசந்து போகணும் என்று ஊசியை எடுத்தாள்.

"புதுசு, உன் வீரத்தைக் காட்டு."

நீட்டினாள். டீச்சர் திருப்பினார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"எப்படி ஆரம்பிச்ச?"

"நூலை ரெண்டா மடிச்சு, அந்த வளையத்துக்குள்ள ஊசியை விட்டு இழுத்தேன் டீச்சர். முடிச்சே போடலை."

"முடிச்ச இடம் எங்க?"

"பின்னாடி இருக்கற தையலுக்கு அடியிலயே நாலு தடவை நுழைச்சு, ஒட்ட வெட்டிட்டேன். எட்டு தடவை பிரிச்சுப் போட்டேன்."

யாராவது கைதட்டுவார்கள் என்று பார்த்தாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிரைவர் தன் செருப்பையே பார்த்தார்.

டீச்சர் எழுந்து டிராயரை இழுத்து, ஒரு சான்றிதழை எடுத்துத் தூசியை ஊதினார்.

"நல்லா கத்துக்கிட்டம்மா. ரூல் தெரியும்ல?"

சுவரில் நூலக மேனேஜர் கையெழுத்திட்ட காகிதம் ஒட்டியிருந்தது: 'பயிற்சி முடித்தவர்கள் சான்றிதழ் பெற்றுக்கொண்டு, காத்திருக்கும் பிறருக்கு இடம் விட வேண்டும்.'

"அப்போ அடுத்த வாரம்?"

"வரக்கூடாதும்மா."

அவள் அறையைப் பார்த்தாள். பத்து நாற்காலிகள். அந்தக் 'காத்திருக்கும் பிறர்' ஒருவர்கூட வராமல், ஆறு நாற்காலிகள் சௌகரியமாகக் காலியாக இருந்தன.

டீச்சர் பேனாவைத் திறந்தார்.

"டீச்சர், ஒரு நிமிஷம்! ஒரு நூல் நுனி நீட்டிட்டு இருக்கற மாதிரி இருக்கு. வெட்டிட்டு வந்துடறேன்."

துணியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு புத்தக அலமாரிக்குப் பின்னால் ஓடினாள். ஊசியில் நூலைக் கோத்து, ஒரு மூலையில், எட்டு மாதமாக எதைப் போடாதே என்று திட்டு வாங்கினாளோ அதைப் போட்டாள். சின்னதாக ஒன்று. திரும்பி வந்தாள்.

"இன்னொரு தடவை நல்லா பாருங்க டீச்சர். மூலையில என்னமோ..."

பூதக்கண்ணாடி துணிமேல் மெதுவாக ஊர்ந்தது. மூலைக்கு வந்தது. தாண்டியது. அவள் மூலையைக் காட்ட விரலை நீட்டுவதற்குள் திரும்ப வந்தது.

"அடிப்பாவி! முடிச்சு! என் வகுப்புல முடிச்சு!"

"எங்க, எங்க?" டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "ஐயோ, சொத்தைப் பல்லு மாதிரி கருப்பா!"

"இதை வெச்சுக்கிட்டா சர்டிபிகேட் வாங்கப் பார்த்த தங்கச்சி? என்னா நெஞ்சழுத்தம்!" டிரைவருக்கு முகமெல்லாம் பல்.

"சுத்தப்படாது. நீ அடுத்த வாரமும் வந்துதான் ஆகணும்" என்று சான்றிதழை டிராயருக்குள் போட்டு அறைந்து மூடினார் டீச்சர். மூன்று பேரும் ஒரே நேரத்தில் திட்ட, அவள் தலையைத் தலையை ஆட்டினாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே, துணியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் டீச்சர் அவள் காதருகே குனிந்தார்.

"மூலையில இத்தனூண்டு போட்டா எப்படிம்மா, எனக்கே தெரியலை. இனிமே நடுவுல, பெருசா போடு. இவங்க ரெண்டு பேரும் ஏழு வருஷமா அப்படித்தான் போட்டுட்டு வராங்க."